ஆலை இல்லாத ஊரின் இலுப்பைப்பூ

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று ஒரு பழமொழி உண்டு. நல்ல ஆள் கிடைக்காத இடத்தில் சுமாரான ஆள் பெரிய ஆளாகிவிட்டால், அவரைக் கேலி செய்வதற்காகச் சொல்வார்கள். நம் வகுப்பிலும் இதை யாரைப் பார்த்து யார் சொன்னார்கள் என்பது உங்களுக்கே தெரியும்!

கேலியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்தப் பழமொழியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இலுப்பைப்பூ சதைப்பற்றுள்ள பூ. காய வைத்தால் அதன் எடையில் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரைதான். ஆலை இல்லாத ஊரில் எவரோ ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். வேப்பம்பூவை அவர் சர்க்கரை என்று சொல்லவில்லையே! எந்தப் பூவில் இனிப்பு இருக்கிறது என்று தெரிந்துதான் கை வைத்திருக்கிறார். அப்படியானால் அது ஏமாளியின் வேலை அல்ல, விவரம் தெரிந்தவரின் வேலை.

இந்தக் கட்டுரை அந்த விவரத்தைப் பற்றியது. கையில் இருப்பதை வைத்து, இல்லாததை ஈடுகட்டி, வாய்க்கு ருசியாக ஆக்கிச் சாப்பிடுவது எப்படி என்பதைப் பற்றியது. 'டிப்ளமோ மாணவனுக்கு அடுப்படியில் என்ன வேலை?' என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அப்பா பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறார். அம்மா நூற்பாலையில் ஷிப்ட் வேலை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஆர்டர் வந்தால்தான் அப்பாவுக்குக் கூலி. மாதக் கடைசியில் அஞ்சறைப்பெட்டியில் நான்கு அறை காலியாக இருக்கும். அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் நான்காம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு நான்தான் ஆக்கிப் போட வேண்டும். ஆகவே அடுப்படியும் எனக்கு ஒரு ஒர்க்ஷாப்தான்!

பெயரைப் பார்க்காதே, வேலையைப் பார்!

ஒரு பாகத்துக்குப் பதிலாக வேறொன்றைப் போடுமுன் அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். சமையலிலும் இதே விதிதான். தேங்காய் இல்லை என்றால் 'தேங்காய்க்குப் பதில் என்ன?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'இந்தக் குழம்பில் தேங்காய் என்ன வேலை பார்க்கிறது?' என்று கேட்டால் உடனே கிடைக்கும்.

குருமாவில் தேங்காய்க்கு இரண்டு வேலை. ஒன்று, குழம்பைக் கெட்டியாக்குவது. இரண்டு, எண்ணெய்ப் பசையும் வழுவழுப்பும் தருவது. பொட்டுக்கடலையை மட்டும் அரைத்து ஊற்றினால் முதல் வேலை நடக்கும், அதில் மாவுச்சத்து இருப்பதால். இரண்டாவது வேலை நடக்காது, குழம்பு வறட்டென்று இருக்கும். நிலக்கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். அதை வறுத்துத் தோல் நீக்கி அரைத்தால் இரண்டாவது வேலையும் முடிந்தது. எனவே அரை மூடித் தேங்காய் போடும் இடத்தில் ஒரு கைப்பிடி நிலக்கடலை, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை. நம் மானாவாரிச் சீமையில் நிலக்கடலைக்கு என்ன பஞ்சம்! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பொட்டுக்கடலை போட்ட குழம்பு ஆற ஆற இறுகும். ஆகவே இறக்கும்போது சற்றுத் தண்ணியாகவே இறக்க வேண்டும்.

புளிப்பின் கதை

புளி, எலுமிச்சை, தக்காளி, மாங்காய், தயிர் எல்லாம் புளிப்புத்தான். ஆனால் ஒவ்வொன்றின் குணம் வேறு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். எவ்வளவு கொதித்தாலும் அசையாது. கொதிக்கக் கொதிக்கத்தான் பச்சை வாசம் போய் ருசி வரும். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். அதன் புளிப்பு சூட்டைத் தாங்கும், ஆனால் வாசனை தாங்காது. கொதிக்க விட்டால் கசப்பும் எட்டிப் பார்க்கும். ஆகவே எலுமிச்சை ரசத்தை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும். தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம். அதைக் கொதிக்க விட்டால் திரிந்து போகும். ஒரு ஸ்பூன் கடலை மாவோ அரிசி மாவோ கரைத்து ஊற்றினால் திரியாமல் நிற்கும். தக்காளியில் புளிப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதனால் வதக்கிச் சுண்ட விட வேண்டும்.

நான்கு பேருக்கு ரசம் வைக்க எலுமிச்சை அளவு புளி எடுப்போம். புளி இல்லையா? நன்கு பழுத்த தக்காளி நான்கு. தக்காளியும் இல்லையா? ஒரு எலுமிச்சம்பழம், கடைசியில். சித்திரை மாதமா? ஒரு மாங்காய்த் துண்டை வேக வைத்து மசித்து விடலாம்.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் தமிழ்நாட்டிலேயே பெரிய மார்க்கெட்டுகளில் ஒன்று. அங்கே தக்காளி விலை விழும் வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் புளி கரைக்க மாட்டார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது புளி டப்பாக்கள் எல்லாம் திரும்பவும் இறங்கி வந்தன. அந்த வாரங்களில் புளிக்குத் தக்காளி மாற்று. இந்த வாரங்களில் தக்காளிக்குப் புளி மாற்று. எது அசல், எது மாற்று என்பதைச் சந்தைதான் முடிவு செய்கிறது!

ஞாயிற்றுக்கிழமைக் குஸ்கா

திண்டுக்கல் என்றால் பிரியாணி என்று உலகமே சொல்கிறது. 1957-இல் நாகசாமி நாயுடு இங்கே ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் 'தலப்பாகட்டி' என்ற பெயர் வந்தது. பாசுமதிக்குப் பதில் சீரகச் சம்பா, தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு, தாராளமாக மிளகு, சின்னச் சின்னத் துண்டுகளாகக் கறி. இதுதான் நம் ஊர்ப் பாணி.

எங்கள் வீட்டில் சீரகச் சம்பா தீபாவளிக்கு வரும் விருந்தாளி. மற்ற ஞாயிறுகளில் ரேஷன் புழுங்கல் அரிசிதான். அதில் குஸ்கா ஆக்கினால் நன்றாக வருமா? வரும், அரிசியின் குணம் தெரிந்தால்.

சீரகச் சம்பா சீரகம் போலப் பொடி அரிசி. மசாலா சீக்கிரம் ஊறும். புழுங்கல் அரிசி என்பது நெல்லாக இருக்கும்போதே ஒரு முறை வெந்து காய்ந்த அரிசி. அதனுள் மாவுச்சத்து ஒரு முறை இளகி, மறுபடி இறுகியிருக்கிறது. அதனால்தான் அது சீக்கிரம் குழையாது, வேகவும் நேரம் பிடிக்கும், மசாலாவையும் எளிதில் உள்ளே விடாது. இதற்கு மூன்று வைத்தியம். ஒன்று, நான்கைந்து தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ரேஷன் அரிசியின் மூட்டை வாசம் போகும். இரண்டு, முக்கால் மணி நேரம் ஊற வைக்க வேண்டும். மூன்று, தண்ணீர்க் கணக்கு. சீரகச் சம்பாவுக்கு ஒரு டம்ளருக்கு ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் போதும். புழுங்கலுக்குக் குக்கரில் மூன்று. உப்பும் காரமும் ஒரு பிடி தூக்கலாக. எலுமிச்சையை மட்டும் மூடி திறந்த பிறகு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசியில் சில மணிகள் வேறு நிறமாகத் தெரியும், தண்ணீரில் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று எங்கள் தெருவில் பொறுக்கி எறிவார்கள். அது பிளாஸ்டிக் அல்ல. செறிவூட்டப்பட்ட அரிசி பற்றிய அறிவிப்பு 2021-இல் வந்தது. அரிசி மாவுடன் இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து, அரிசி வடிவத்திலேயே பிழிந்தெடுத்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கும் திட்டம் அது. ரத்தசோகைக்காகச் சேர்த்ததை நாமே பொறுக்கி எறியலாமா? தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது கறி. அதற்குப் பதில் மீல் மேக்கர். சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவை எந்திரத்தில் அழுத்திப் பிதுக்கிச் செய்வது. 'நூறு கிராமில் ஐம்பது கிராம் புரதம், ஆட்டுக்கறியில் இருபதுதான்' என்று சொல்லுவார்கள். நாம் கணக்குப் படித்தவர்கள், அப்படியே நம்பக் கூடாது. அந்த ஐம்பது காய்ந்த எடைக்கு. ஊறினால் எடை மூன்று மடங்காகும். அப்போது நூறு கிராமுக்குப் பதினாறு, பதினேழுதான். அதுவும் மோசமில்லை! ஆனால் கறியில் உள்ள கொழுப்பு இதில் கிடையாது, ருசியும் கிடையாது. எனவே கொதிநீரில் ஊற வைத்து, இரண்டு முறை நன்கு பிழிந்து, தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த் தூளில் அரை மணி நேரம் பிசைந்து வைத்து, கொஞ்சம் கூடுதல் எண்ணெயில் வதக்க வேண்டும். பிழியாமல் போட்டால் பழைய எண்ணெய் வாசம் அடிக்கும். பஞ்சு தண்ணீரை வைத்துக்கொண்டிருந்தால் மசாலா எங்கே நுழையும்?

என் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒரு நண்பன் 'டூப்ளிகேட் பிரியாணி' என்பான். சொல்லிக்கொண்டே பாதியைக் காலி செய்வதும் அவன்தான்!

பெரிய இடத்திலும் இதே கதை

இல்லாமையில் பிறந்த பண்டங்கள் பல பிறகு ராஜாவாகி விட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 1942-இல் பர்மாவைப் பிடித்தது. பர்மா அரிசி நின்று போனது. அப்போது அரிசிக்குப் பதில் ரவையில் செய்து பார்த்ததே ரவா இட்லி என்று பெங்களூர் எம்.டி.ஆர். நிறுவனத்தார் சொல்கிறார்கள். இதில் உள்ள பொறியியலைப் பாருங்கள். இட்லியில் அரிசி மட்டுமா வேலை செய்கிறது? உளுந்தின் கொழகொழப்பு, புளிக்கும்போது நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வாயுவைப் பிடித்து வைக்கிறது. அதனால் இட்லி உப்புகிறது. ரவா இட்லியில் அந்த வேலையைத் தயிரும் சமையல் சோடாவும் செய்கின்றன. புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் வாயு வரும் என்பது நம் முதலாண்டு வேதியியல்தான்!

இதே விதி வீட்டுக்கும் பொருந்தும். உளுந்து விலை ஏறினால் அம்மா அளவைச் சற்றுக் குறைத்து, ஒரு ஸ்பூன் வெந்தயமும் ஒரு கைப்பிடி அவலும் சேர்த்து ஆட்டுவார். ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு உளுந்தின் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்று ஜவ்வரிசி. அசல் ஜவ்வரிசி மலாயாப் பக்கத்தில் ஒரு வகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. போரினால் அது வருவது நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் பொபட்லால் ஷாவும் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று நம் வீட்டுப் பாயசத்தில் மினுமினுவென்று மிதப்பது அந்த மாற்றுத்தான். 1981-இல் அதற்கென்று சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமே வந்தது. மாற்றாக வந்ததற்குத்தான் இப்போது அசல் மரியாதை!

மாற்ற முடியாத இடங்களும் உண்டு. நம் பழனிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பாச்சி மலைவாழைப்பழத்தில் நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் தண்ணீர் விடாத அந்தக் கலவை கெட்டுப் போகாமல் நாள்பட இருக்கிறது. வீட்டில் பூவன் பழத்தில் பிசையலாம், ருசியாகவே இருக்கும். ஆனால் அன்றே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ருசிக்கு மாற்றுக் கிடைத்தது, ஆயுளுக்குக் கிடைக்கவில்லை.

ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பி

மின்னியல் பிரிவு நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஃபியூஸ் போனால் சிலர் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி விடுவார்கள். லைட் எரியும். வேலை முடிந்ததா? இல்லை. ஃபியூஸ் கம்பியின் வேலை மின்சாரத்தைக் கடத்துவது மட்டுமல்ல, ஆபத்து வந்தால் தானே உருகி வீட்டைக் காப்பது. பார்வைக்குத் தெரிகிற வேலையை மட்டும் செய்யும் மாற்று வீட்டையே கொளுத்திவிடும்.

சமையலிலும் அப்படி மூன்றைச் சொல்கிறேன். சமையல் சோடாவும் துணிக்குப் போடும் சோடாவும் ஒரே மாதிரி வெள்ளைப் பொடி; ஆனால் முன்னது பைகார்பனேட், பின்னது கார்பனேட், காரத்தன்மை மிக அதிகம், வாயையும் குடலையும் புண்ணாக்கும். இரண்டாவது, நிறம். சாயப்பொடியும் உணவு நிறமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. குஸ்காவுக்கு நிறம் வேண்டுமா? மஞ்சள் தூள் போதும். மூன்றாவது, மரவள்ளி. அந்தக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. தோல் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகக் கடிக்கவே கூடாது.

ஆபத்து இல்லாத ஆனால் நஷ்டமான மாற்றும் உண்டு. அதுதான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது. பருப்பு தீர்ந்தால் புளித்தண்ணீரில் மிளகாயும் பூண்டும் தட்டிப் போட்டு ஒரு ரசம் வைப்போம். நாக்கு ஏற்றுக்கொள்ளும். 'இன்னும் கொஞ்சம் ஊத்து' என்று கேட்கும். ஆனால் பருப்பின் வேலை ருசி மட்டும்தானா? துவரம்பருப்பில் நூறு கிராமுக்கு இருபத்திரண்டு கிராம் அளவில் புரதம், அரிசியில் ஏழு மாதிரிதான். அதோடு அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. அதை நிரப்புவது பருப்பு. நாக்கை ஏமாற்றலாம் நண்பர்களே, உடம்பை ஏமாற்ற முடியாது! பருப்பு இல்லாத நாளில் ஒரு கொள்ளுத் துவையலோ, ஒரு முட்டையோ தட்டில் இருந்தால்தான் அது முழுமையான மாற்று. கொள்ளு நம் காட்டில் விளைவதுதானே!

யார் தட்டில் எது?

கடைசியாக ஒன்று. இதைப் பாடப் புத்தகத்தில் பார்க்க முடியாது, சாப்பாட்டு நேரத்தில் அடுப்படியில் நின்றால் பார்க்கலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவில்தான் நான் பத்தாம் வகுப்பு வரை மதியம் சாப்பிட்டேன். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் என் தங்கை சாப்பிடுகிறாள். வேலைக்குப் போகிற அப்பாவுக்கு முதல் தட்டு. மீதி? முட்டை நான்கு இருந்தால் நான்கு பேருக்கு. மூன்று இருந்தால் அம்மாவுக்கு ரசம். 'எனக்கு முட்டை வாடை ஆகாதுப்பா' என்பார். நான்கு இருக்கிற நாளில் மட்டும் அந்த வாடை ஆகும்! பல வீடுகளில் வெஞ்சனத்துக்கு மாற்றுப் போடுவது எல்லாருக்கும் அல்ல, ஆக்கிப் போடுகிறவருக்கு மட்டும்தான். ராத்திரி ஷிப்டில் எட்டு மணி நேரம் நிற்கிற உடம்பு அந்தப் புளித்தண்ணீரில்தான் ஓடுகிறது. எந்த எந்திரத்துக்காவது நாம் இப்படி எண்ணெய் விடாமல் ஓட்டுவோமா?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழி செய்திருக்கிறோம். மூன்று முட்டை இருந்தால் அவிப்பதில்லை. வெங்காயத்தை நிறைய வதக்கி, மூன்றையும் உடைத்து ஊற்றிப் பொடிமாஸ். பொடிமாஸை எண்ண முடியாது, ஆகவே 'எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் ஒதுங்கவும் முடியாது. மீல் மேக்கர் குஸ்காவும் அப்படித்தான். ஒரே சட்டி, ஒரே கரண்டி, நான்கு தட்டு.

இந்தக் கட்டுரையில் சொன்ன அளவுகள் பலவும் அம்மாவுடையவை. 'ஒரு கை', 'கண்ணளவு' என்று அவர் சொன்னதை டம்ளரிலும் ஸ்பூனிலும் அளந்து எழுதினேன். காரணங்கள் மட்டும் நான் படித்துச் சேர்த்தவை. 'வீட்டிலேயே படிச்சவன் நீ ஒருத்தன்தான்' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அம்மாவும் அதையே சொல்கிறார். சர்டிபிகேட்டை வைத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் எந்தப் பொருளுக்கு என்ன வேலை என்று தெரிந்து, இல்லாத நாளிலும் வீட்டை ஓட்டத் தெரிந்தவரைப் படிக்காதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்மில் பலரும் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். இந்த லீவில் ஊருக்குப் போனால் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேளுங்கள்: புளி இல்லாதபோது என்ன செய்தீங்க, அரிசி இல்லாதபோது என்ன ஆக்குனீங்க என்று. ஒரு ரெக்கார்டு நோட்டில் அளவோடு எழுதி வையுங்கள். கேட்டு முடித்ததும் இன்னொன்றையும் கேளுங்கள்: 'நீங்க சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க?'